39-உம் வலங்கைமானும்

இந்த வாரமும் மேடைக்கு மேடை தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகள்தான். தொகுதி மறுசீரமைப்பில், குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலத்துக்கு மக்களவையில் பங்கு குறையலாமா என்ற கேள்வி நியாயமானது. 1962-இல் 41 பேரை அனுப்பிய நாம் 1967-இல் 39-க்கு இறங்கினோம். 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு மாநிலப் பங்கீட்டை நிறுத்திவைத்தது; 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை அதை நீட்டித்தது. இதையெல்லாம் மேடைப் பேச்சாளர்கள் சரியாகவே சொல்கிறார்கள். எரிச்சல் மூட்டுவது அவர்கள் சொல்லாமல் விடுவதுதான். நான் சொல்வது தஞ்சை டெல்டாவின் வலங்கைமானை.

மாநிலங்களின் பங்கு அசையாமல் இருந்தபோதே, மாநிலத்துக்குள் தொகுதி எல்லைகள் 2001 கணக்கெடுப்பின்படி மாறின. 2008-இல் நடப்புக்கு வந்த அந்த மறுசீரமைப்பில் சட்டமன்றத்தின் 234 அப்படியே இருந்தது. ஆனால் பழைய தஞ்சை மாவட்டம் வலங்கைமான், குத்தாலம், திருவோணம் ஆகிய மூன்று தொகுதிகளை இழந்து, கீழ்வேளூர் ஒன்றைப் பெற்றது. சென்னையின் 14 தொகுதிகள் 16 ஆயின. புறநகரில் சோழிங்கநல்லூரும் ஆவடியும் முளைத்தன. டெல்லி நமக்குப் போடப்போவதாக நாம் அஞ்சும் கணக்கு, டெல்டாவுக்கு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. அதற்கு எந்த மேடையும் கொதிக்கவில்லை.

சோழிங்கநல்லூரில் இருப்பவர் மனிதர் இல்லையா, அவர் ஓட்டுக்கு மதிப்புக் குறையலாமா என்று கேட்பார்கள். குறையக் கூடாதுதான். ஆனால் உத்தரப் பிரதேசத்துக்காரரும் இதையே கேட்கிறார். அவருக்கு ஒரு பதில், வலங்கைமானுக்கு ஒரு பதில் என்று வைத்துக்கொள்ள முடியாது. தொகுதி போனால் என்ன, எம்.எல்.ஏ. ஒருவர் இருக்கிறாரே என்பது அடுத்த வாதம். குடமுருட்டிக் கரையிலிருக்கும் வலங்கைமான் இன்று நன்னிலம் தொகுதிக்குள் இருக்கிறது. தண்ணீர் முறை வைத்து விடும் நாளில், மேல்மடைக்காரர் தன் வாய்க்கால் ஷட்டரை இறக்காதே என்பார்; கடைமடைக்காரர் நாற்றங்கால் காய்கிறது, இறக்கு என்பார். முன்பு இருவேறு எம்.எல்.ஏ.க்கள் அதிகாரியிடம் வாதாடக்கூடிய வழக்கு அது. இப்போது ஒருவரே இரு தரப்புக்கும் வக்கீல்.

தலை எண்ணிக்கையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பில் சுமார் 64,000 பேரே இருந்த லட்சத்தீவுக்கு ஒரு எம்.பி. உண்டு; விதிவிலக்கு நமக்குப் புதிதல்ல. தொகுதி வரையும்போது நிலவியல் அமைப்பையும் மக்கள் வசதியையும் பார் என்று 2002-ஆம் ஆண்டு மறுசீரமைப்புச் சட்டமே சொல்கிறது. அடுத்த ஆணையத்தில் நம் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. பேச வாய் உண்டு. பழைய தஞ்சை மாவட்டப் பாசனப் பகுதிக்கு இப்போதுள்ள 18 சட்டமன்றத் தொகுதிகளுக்குக் கீழே போகாத வரம்பு வேண்டும் என்று அங்கே எழுதிக் கொடுக்கட்டும். அதைச் செய்யாதவர்களின் 39 முழக்கத்தை நம்ப எனக்குக் காரணம் இல்லை.