நுவரெலியாவுக்கு வேன் பிடிக்க முன்னம் ஜன்னலைத் திறந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஏப்ரல் வந்தால் ஹந்தானையில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுக்களில் வேன் வாடகை, தலைக்கு எவ்வளவு, புரியாணி யார் ஆக்குவது என்று பேச்சுத் தொடங்கும். சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பாடு. றம்பொடை வளைவுகளில் ஊர்ந்து, கிரகரி வாவிக்கரையில் வேனை நிறுத்த இடமில்லாமல் சுற்றி, குதிரையோடு ஒரு போட்டோ எடுத்து, வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளைகளோடு நடுராத்திரியில் வீடு. கேட்டால் "ட்ரிப் போனோம்" என்கிறோம்.

நுவரெலியாவைக் குறை சொல்லவில்லை. சீசனில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்க வேண்டியவைதான். வசதியுள்ளவர்கள் போகட்டும்.

ஆனால் போன தவணை தரம் 8 வகுப்பில் ஒரு கேள்வி கேட்டோம். "ஹந்தானை மலையில் ஏறியவர்கள் கை உயர்த்துங்கள்." அந்த வகுப்பின் ஜன்னலைத் திறந்தால் தெரிவதே அந்த மலைதான். முப்பத்தாறு பேரில் மூன்று கைகள். மூவரும் ஆண் பிள்ளைகள். "பெரஹரா பார்த்தவர்கள்?" ஐந்தாறு கைகள் எழுந்தன, அதுவும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து, பாதி உயரத்துக்கு. "நுவரெலியா?" எல்லாக் கைகளும் எழுந்தன, நான்கைத் தவிர. அந்த நால்வரும் கல்விச் சுற்றுலாவுக்குக் காசு கட்ட முடியாமல் வீட்டில் நின்றவர்கள். அதில் ஒரு பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று எங்களிடம் சொல்லியிருந்தது. நாங்களும் நம்பியிருந்தோம்.

இதில் வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளையா, நாமா?

தலைக்கு மேலே நிற்கிற மலையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 2010இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட மலைத்தொடர் அது. 1969இல் "ஹந்தானே கதாவ" படம் வந்த காலத்திலிருந்து சிங்கள இளைஞர்களுக்கு இந்த மலை ஒரு கனவு. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் பட்டம் வாங்க முன்னம் ஒரு தடவையாவது ஏறுவார்கள். கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வந்தும் ஏறுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது மழை வரப்போகிறதா என்று பார்க்கிற இடம், அவ்வளவுதான்.

அதே வீதியில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய தொழிற்சாலை, நான்கு மாடி. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள் உள்ளே இருக்கின்றன. வெள்ளைக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். கொழுந்து பறித்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் அதே வீதியால் நடந்து போகிறார்கள், உள்ளே போகாமல்.

"மலை ஆபத்து" என்பார்கள். மழைக்காலத்தில் ஆபத்துத்தான், மறுக்கவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். காலையில் ஏறி, மூடுபனி இறங்க முன்னம் திரும்பலாம். வழி தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் சவர்க்காரமும். காய்ந்த மானாப் புல்லில் ஒரு நெருப்புக்குச்சி விழுந்தால் மலைப்பக்கமே எரியும் என்பதைப் பிள்ளைகள் அங்கே நின்று படிக்கட்டும். யோகட் கப்பையும் லன்ச் ஷீட்டையும் திருப்பிக் கொண்டுவரப் பழகட்டும்.

"பொம்பளப் பிள்ளைகள் எப்படி?" உம்மாமாரும் ஆசிரியைகளும் கூடவே போனால் அந்தக் கேள்வி முடிந்தது. கிரகரி வாவியின் சன நெரிசலுக்குக் கூட்டிப் போக முடிந்த பிள்ளையை, வீட்டுக்குப் பின்னாலுள்ள மலைக்குக் கூட்டிப் போக முடியாதா?

இனி பெரஹரா. இங்கேதான் அடி விழும் என்று தெரியும்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் மௌலவிமார் இல்லை. பார்க்கவே கூடாது என்று பேணுதலாக இருக்கிற குடும்பங்களை மதிக்கிறோம். ஆனால் பெரஹரா நாட்களில் கடை விறாந்தையில் கதிரை போட்டு வாடகை வாங்குவது ஹலால், அதே விறாந்தையில் நின்று மகன் பார்ப்பது ஹராம் என்றால், அந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை. வணங்குவது வேறு, அயலவனை அறிந்துகொள்வது வேறு.

அறிவதற்கு நிறைய இருக்கிறது. ஐந்து இரவு கும்பல், ஐந்து இரவு ரந்தோலி, கடைசியில் கெட்டம்பேயில் மகாவலியில் நீர் வெட்டு. தலதா மாளிகையோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள். அந்தப் பத்தினி யார்? நாங்கள் தமிழ்ப் பாடத்தில் படிப்பிக்கிற கண்ணகி. புனித தந்த தாதுவை ஊர்வலத்தில் சேர்த்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரைப் பக்கமிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன். இந்தக் கண்டி இராச்சியத்தில் நம் மூதாதையர் பொதிமாட்டுத் தவளத்தில் உப்பு ஏற்றி வந்தார்கள், மன்னருக்கு வைத்தியம் பார்த்தார்கள். போர்த்துக்கேயர் 1626இல் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது இடம் கொடுத்தவன் கண்டியின் செனரத் மன்னன்.

அறியாமல் இருந்ததன் விலையும் நமக்குத் தெரியும். 1915 கலவரத்தின் வேர் கம்பளையில், பள்ளிவாசல் முன்னால் பெரஹரா மேளம் அடித்துப் போகலாமா என்ற வழக்கில் இருந்தது. 2018 மார்ச்சில் திகனையில் எரிந்ததை நம் பிள்ளைகளே பார்த்தார்கள். பெரஹரா பார்த்தால் இனிக் கலவரம் வராது என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் அப்பாவிகள் இல்லை. ஆனால் "நீ இந்த ஊரா?" என்று ஒருவன் கேட்கும்போது, ஊரின் மலையும் தெரியாத, ஊரின் திருவிழாவும் தெரியாத பிள்ளை என்ன பதில் சொல்லும்? சொந்த ஊரிலேயே வாடகைக்கு இருக்கிறவன் போலத் தலை குனியும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். காசு கட்டுகிற ட்ரிப்புக்கு முன்னம் நடந்து போகிற ட்ரிப். ஒவ்வொரு பிள்ளையும் காய்ந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை மலைக்கு. ஒரு நாள் தேயிலை நூதனசாலைக்கு. நுழைவுச் சீட்டுக் காசைப் பழைய மாணவர்கள் பொறுப்பெடுக்கட்டும். பெற்றோர் சம்மதித்தால் பகல் பெரஹராவுக்கு. இவை முடிந்த பிறகு நுவரெலியாவுக்கு வேன் பேசுவோம்.

பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் பழைய மாணவர்களும் சேர்ந்தால் வரும் ஜனவரியிலேயே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் காய்ச்சல் என்று பொய் சொல்லத் தேவையிருக்காது.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள். அதற்கு முன்னம் வீட்டிலுள்ள பிள்ளையிடம் அந்த மலையின் பேரையாவது கேட்டுப் பாருங்கள்.