உவர் நிலமும் நீலப்பச்சைப் பாசியும்

உப்பு கிருமிகளை வளரவொட்டாது என்பது ஊறுகாய்ச் சாடியும் கருவாடும் கற்பித்த பாடம். அது பெரும்பாலும் உண்மையே. உப்பு மிகுந்த நீரில் அகப்பட்ட உயிரணுவினுள் இருக்கும் நீர் வெளியே ஈர்க்கப்படுகிறது. உயிரணு சுருங்கிச் செயலிழக்கிறது. ஆயினும் தூத்துக்குடி உப்பளங்களில், உப்புப் படியும் தறுவாயில் பாத்தி நீர் சிவந்து காணப்படுவதுண்டு. அச்செந்நிறம் உயிருள்ள நுண்ணுயிர்களால் உண்டாவது. சாக்கடலிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதை பெஞ்சமின் எலாசரி வோல்கானி என்னும் அறிஞர் 1936-இல் எடுத்துக்காட்டினார்.

இத்தகைய உயிர்கள் உப்பைச் சமாளிக்கும் வழிகள் இருவகைப்படும். உப்பளத்தைச் சிவப்பாக்கும் ஹாலோபாக்டீரியம் முதலியவை, வெளியே உள்ள சோடியத்திற்கு ஈடாகப் பொட்டாசியத்தைத் தம் உயிரணுவினுள் நிரப்பிக்கொள்கின்றன. அவற்றின் புரதங்களும் அந்நிலைக்கேற்ப அமைந்துவிட்டன. உப்புக் குறைந்தால் அப்புரதங்கள் உருக்குலைகின்றன. நன்னீரில் இட்டால் அவ்வுயிர்கள் சிதைந்தே போகும். மற்றொரு வகையின உப்பை இயன்றவரை உள்ளே விடாமல் தடுத்து, புகுந்துவிட்டதை வெளியேற்றி, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சர்க்கரை போன்ற பொருள்களை உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. இவை உப்பை விரும்புவன அல்ல, பொறுப்பன. உழவருக்குப் பயன்படக்கூடியவை இந்த இரண்டாம் வகையினவே.

மும்பையில் அணுசக்தி நகரை அடுத்துள்ள டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஜோசப் தாமஸ், ஷ்ரீகுமார் ஆப்தே ஆகியோர் இவ்வகையைச் சேர்ந்த அனபீனா டாருலோசா என்னும் நீலப்பச்சைப் பாசியை ஆராய்ந்தனர். அணு ஆராய்ச்சி நிலையத்தில் பாசிக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். கதிரியக்கமுள்ள சோடியத்தைக் கொண்டு, உயிரணுவினுள் எவ்வளவு உப்பு எவ்வளவு விரைவில் புகுகிறது என்று அளந்தறிய இயலும். அதற்கு அந்நிலையத்தைவிடத் தக்க இடம் அரிது. உவர்நீர்ப் பாசியான டாருலோசாவினுள் சோடியம் புகுவது, நன்னீரில் வாழும் அதன் இனத்துப் பாசியோடு ஒப்பிடுகையில் வெகுவாகக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று அவர்கள் கண்டனர். இக்கட்டுப்பாடே பாசியின் உப்புத் தாங்கும் ஆற்றலுக்கு முக்கியக் காரணம் என்பது 1987-இல் வெளியான கட்டுரையில் நிறுவப்பட்டது.

இதற்கு நெடுநாள் முன்பே, 1950-இல், காசியைச் சேர்ந்த ஆர். என். சிங், வட இந்தியாவின் களர் நிலங்களை நீலப்பச்சைப் பாசியால் திருத்தலாம் என்று எழுதியிருந்தார். அக்கருத்து பெரும் நம்பிக்கையை ஊட்டியது. மகாராஷ்டிரக் கடலோரத்திலோ, கடல்நீர் ஏறிக் கெட்ட நிலங்களைக் 'கார்லாண்டு' என்பர். அவற்றைக் காக்கக் கரை அமைப்பதற்கென்றே 1948-இல் பம்பாய் மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்நிலங்களில் டாருலோசா வளருமா, உவரைப் போக்குமா என்பதே அடுத்து எழுந்த வினா.

1997-இல் ஆப்தேயும் தாமசும் வெளியிட்ட விடை நேர்மையானது; அதனாலேயே பாராட்டத்தக்கது. மிதமான உவருள்ள கார்லாண்டு மண்ணில் பாசி நன்கு வளர்ந்தது; காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தி மண்ணை வளப்படுத்தியது. ஆனால் சோடியத்தை மண்ணிலிருந்து நிரந்தரமாக நீக்க அதனால் இயலாது. பாசி உயிரோடிருக்கும் வரையில் பிடித்து வைக்கும் சோடியம், அது மடிந்து மட்கியதும் மீண்டும் மண்ணுக்கே வந்துவிடுகிறது. உப்பைத் தடுத்து நிறுத்தியே உயிர்வாழும் ஒன்றிடம், உப்பையெல்லாம் விழுங்கிவிடுமாறு எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

இந்த வேறுபாடு கிராமத்தில் எடுத்துரைக்கப்படும்போது மறைந்துவிடுவதுதான் கவலைக்குரியது. 'பாசி உப்பைத் தின்றுவிடும்' என்று கூறுவது எளிது, கேட்பவருக்கும் இனிக்கும். அதை நம்பிய உழவர், கரையைப் பழுது பார்க்காமலும் வடிகாலை வெட்டாமலும் ஓராண்டைக் கழித்துவிடுவாரானால், அடுத்த கோடையில் நிலத்தடியிலிருந்து உப்பு மேலேறி வெண்மையாகப் பூத்து நிற்கும். அதன் பின்னர் களப்பணியாளர் சொல்லும் நல்ல யோசனையும் அவ்வூரில் எடுபடாது. பள்ளிப் பாடத்திலும் இத்தவறு நுழையலாகாது. உப்பை ஏற்று வாழ்வதும் உப்பைப் போக்குவதும் வெவ்வேறு என்பதை, உப்பளத்துச் செந்நீரையும் டாருலோசாவையும் அருகருகே வைத்து ஆசிரியர்கள் விளக்கலாம்.

பாசியைக் கைவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். பயிர் நிற்கும் காலத்திலேயே அதையும் உடன் வளர்ப்பது நல்ல வழியாகலாம் என்று அவ்விருவரே கருதினர். அக்காலத்தில் சோடியத்தின் ஒரு பகுதி பாசியிடம் சிக்கியிருக்கும். பயிருக்கு வேண்டிய நைட்ரஜனில் ஒரு பங்கும் கிட்டும். கொங்கணக் கரையில் நெல் விளைவது மழைக்காலத்தில். மழைநீர் மேல்மண்ணின் உப்பைக் கழுவி இறக்குவதும் அப்போதே. ஆதலால் பாசி இடுவதாயின் தரிசாகக் கிடக்கும் கோடை நிலத்தில் அன்று, நெல் நட்ட வயலில் இடுக. கரையும் மடையும் செப்பனிட்ட பிறகு இடுக.