எதைக் கொண்டு வரிசை?

பட்டியலை அகரவரிசையில் அடுக்கு என்று சொல்லிவிடுவது எளிது. எதைக் கொண்டு அடுக்குவது? அதுவன்றோ வினா!

நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 'ச. அமுதன்', 'அ. வேலன்' என்னும் இருவரில் கணிப்பொறி வேலனையே முன்னிறுத்தும். தந்தையின் எழுத்து முந்துகிறது; மகனின் பெயர் மறைகிறது. அமுதனை அகரத்தில் தேடுவோர் ஏமாறுவர்.

இச்சிக்கலை நன்கறிந்தோர் நூலகத்தார். 1962-இல் இதே பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவிய எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரிலேயே சீர்காழி என்னும் ஊரும் இராமாமிர்தம் என்னும் தந்தையும் எழுத்துகளாய் நிற்கின்றனர். ஆயினும், நூற்பட்டியலில் அவரை 'ரங்கநாதன்' என்றே தேடுகிறோம். நூலுக்கு ஆசிரியர், தலைப்பு, பொருள் எனப் பல அட்டைகள் எழுதினர். அட்டைகள் வெவ்வேறு வரிசையில் நின்றன. நூலோ அலமாரியில் தன் இடத்திலேயே இருந்தது.

ஹாஸ்கெல் போன்ற சார்புவழி நிரல்மொழிகளின் நெறியும் இதுவே. அங்கே 'சார்ட்ஆன்' என்னும் சார்புக்கு நாம் இரண்டைத் தருகிறோம்: ஒன்று பட்டியல், மற்றொன்று, ஒவ்வொரு பதிவிலும் எதை எடுத்து ஒப்பிடுவது என்று கூறும் சிறு சார்பு. பெயரைச் சுட்டினால் பெயர் வரிசை; துறையைச் சுட்டினால் துறை வரிசை. பழைய பட்டியல் சிதைவதில்லை, புதியதொன்று பிறக்கிறது. முதலில் பெயரால் அடுக்கிப் பின்னர்த் துறையால் அடுக்கினால், ஒவ்வொரு துறைக்குள்ளும் பெயர் வரிசை குலையாது நிற்கும்.

இன்னொரு தடையும் உண்டு. எழுத்துகளுக்குக் கணிப்பொறியில் தரப்பட்ட எண்களின்படி னகரம் பகரத்துக்கு முன் நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். எனவே, எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் 'கனகன்' என்பதைக் 'கபிலன்' என்பதற்கு முன் வைத்துவிடுகிறது. இது பிழை! எண்ணை விடுத்து, நெடுங்கணக்கில் எழுத்துக்குரிய இடத்தைத் தரும் சார்பை எழுதிவிட்டால் பிழை தீரும்.

இத்துணைச் சிறியதற்கு இத்தனை வாதமா என்பர் சிலர். பட்டியல் எழுதுவோனுக்கு அது சிறிது. தன் பெயரைத் தேடிக் காணாதவனுக்குப் பெரிது. நான் வேண்டுவன இரண்டே: உறுப்பினர் பதிவில் முதலெழுத்துக்குத் தனிப் புலம் வேண்டும், பெயர்ப் புலத்தைத் தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்க வேண்டும். கருவியின் வசதிக்காக நம் பெயர்கள் இடம்மாறலாகா. கருவியை நம் வழிக்குக் கொணர்வது, நிரல் கற்கும் நம் கடமையே.