நட்சத்திரங்களுக்குக் காது உண்டா?

ஒலிப்பதிவு சாஃப்ட்வேர் பற்றிய விமர்சனங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். மோசமான சாஃப்ட்வேர் என்று உலகில் எதுவுமே இல்லை. ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு, சில சமயம் நாலரை. “சிறு குறைகள் இருந்தாலும்” என்று தொடங்கும் கடைசி பாரா. ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோவும் லட்சங்களும் தேவைப்பட்ட வேலையை இன்று தாதரிலோ கரோல்பாகிலோ ஓர் அறையில், ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்து முடித்துவிடலாம். அந்த அறையில் இருப்பவர் பணத்தைக் கொட்டுமுன் ஆலோசனை கேட்பது இந்த விமர்சனங்களிடம்தான்.

எழுதுபவர்கள் விவரமற்றவர்கள் அல்ல. 1985ல் தொடங்கிய பிரிட்டனின் ‘சவுண்ட் ஆன் சவுண்ட்’ போன்ற பத்திரிகைகளில் எழுதுபவர்களுக்குத் தொழில் அத்துப்படி. கோளாறு முறையில் இருக்கிறது. விமர்சகருக்கு சாஃப்ட்வேர் பெரும்பாலும் இலவசமாக வருகிறது. சில வாரங்களே கையில் இருக்கும். புதிய வசதிகள் என்று கம்பெனி கொடுக்கும் பட்டியலை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து எழுதிவிடுகிறார். வாங்குபவரோ அதனுடன் பத்து வருடம் குடும்பம் நடத்த வேண்டும்.

‘ஒலி கதகதப்பாக இருக்கிறது’ என்று சிலர் எழுதுவதை எளிதாகவே சோதிக்கலாம். ஒரே பதிவுகளை ஒரே அளவில், எந்த எஃபெக்டும் சேர்க்காமல், இரண்டு சாஃப்ட்வேர்களில் கலக்க வேண்டும். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால், இரண்டும் ஒன்றே என்றால் மிஞ்சுவது நிசப்தம். ஒழுங்காகச் செய்தால் அனேகமாக அதுதான் மிஞ்சுகிறது. பிறகு கதகதப்பு எங்கிருந்து வந்தது? நடுவில் வைத்த ஒலியை ஒரு சாஃப்ட்வேர் 3 டெசிபல் குறைக்கும், இன்னொன்று குறைக்காது. சற்று உரக்கக் கேட்பது சிறந்ததாகத் தோன்றுவது காதின் சுபாவம். அரிசி ஒன்றுதான், பாத்திரம்தான் வேறு.

ஆனால் தாமதம் நிஜம். பாடகர் மைக்கில் பாடியது கம்ப்யூட்டருக்குள் போய் அவர் காதுக்குத் திரும்ப நேரம் பிடிக்கிறது. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 6 மில்லி வினாடி. 1,024 என்றால் 23. மிருதங்க வித்வானுக்கு இது சொந்த அடியே எதிரொலியாக வந்து விழுவது மாதிரி. விமர்சகரின் விலையுயர்ந்த கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை எழுவதே இல்லை. எந்த கம்ப்யூட்டர், எந்த ஆடியோ கார்டு என்று சொல்லாத விமர்சனத்தால் பழைய லேப்டாப்காரருக்குப் பைசா பிரயோசனமில்லை.

இந்திய இசைக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சுருதி திருத்தும் சாஃப்ட்வேரில் முதலில் பேர் வாங்கியது 1997ல் வந்த ஆட்டோ-ட்யூன். அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், எண்ணெய் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். ‘இயற்கையாக இருக்கிறது’ என்று இந்த ரக சாஃப்ட்வேர்களுக்கு விமர்சகர்கள் சான்றிதழ் தருவது மேற்கத்தியக் குரலை வைத்து. தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்வரமல்ல, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பது. அதைப் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இந்த சாஃப்ட்வேரின் வேலையே. திருத்தும் வேகத்தைக் குறைத்தால் கமகம் பிழைக்கும், கூடவே அபஸ்வரமும் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிடியாகக் கையால் திருத்தலாம்தான். அதற்குள் பாடகரை இன்னொரு தடவை பாட வைத்துவிடலாம். தாளமும் இப்படித்தான். ஏழு எண்ணிக்கை எல்லாவற்றிலும் கிடைக்கும். மிஸ்ர சாபுவுக்கு மூன்றும் நாலுமாகப் பிரித்துத் தட்டுமா என்பதைத்தான் எந்த நட்சத்திரமும் சொல்வதில்லை.

எந்த விமர்சகராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத விஷயம், கம்பெனியின் ஆயுள். 2002ல் ஜெர்மனியின் ஈமேஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியதும், அதன் லாஜிக் சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு வருவது நின்றது. விண்டோஸ்காரர்கள் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும், அல்லது சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும். கேக்வாக் கம்பெனியின் சோனார் கதை இன்னும் வேடிக்கை. 2016ல் ‘ஆயுள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம்’ என்று விற்றார்கள். 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்ஸன் கிடார் கம்பெனி சோனாரைக் கைவிட்டது. யாருடைய ஆயுள் என்று வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டும். 2018ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை எடுத்து எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. காசு கொடுத்தவர்கள் முகத்தில் அசடு வழிந்தது.

இதற்காக விமர்சனங்களை எல்லாம் தூக்கிப்போட வேண்டாம். எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது, எது எதோடு ஒத்துப்போகாது என்ற தகவல்கள் அவற்றில் நம்பகமானவை. ஒரு முழு ஆல்பத்தை முடித்துவிட்டு, எத்தனை தடவை முடங்கியது என்று ஒருவர் எழுதினால் நட்சத்திரமே இல்லாவிட்டாலும் படிக்கலாம். வெளியான வாரத்தில் வரும் புகழுரையைவிட, முதல் திருத்தப் பதிப்பில் கம்பெனி சரிசெய்த பிழைகளின் பட்டியல் அதிக உண்மை பேசும்.

வின்ஆம்ப் புகழ் ஜஸ்டின் ஃபிராங்கல் உருவாக்கி 2006ல் வெளியான ரீப்பரை, எந்த வசதியும் பூட்டப்படாமல், 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு சொந்த உபயோகத்துக்கு 60 டாலர், அதாவது 5,000 ரூபாய்ச் சொச்சம். 60 நாளில் ஒரு தோடி, ஒரு மிஸ்ர சாபு, இரண்டு மின்வெட்டு எல்லாம் வந்து போய்விடும்.