பாசிப் பெண்களும் தீவுகளின் காவலர்களே

பாம்பன் பாலத்துக்கு இப்பாலுள்ள சிற்றூர் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் பிறந்த ஊர். இதற்குத் தெற்கே முயல் தீவு, மனோலி, குருசடை என ஏழு தீவுகள் கிடக்கின்றன. தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைக்கும் கடற்பசுவுக்கும் இந்தக் காவல் தேவை. இதில் இரு கருத்து இருக்க முடியாது.

ஆனால், காவலின் சுமை முழுவதும் எளியவர்கள் தலையில் விழுகிறது. சின்னப்பாலம் போன்ற ஊர்களின் மீனவப் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுப்பவர்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் சேர்க்கிறார்கள். தீவை நெருங்கினால் அதே வேலை அத்துமீறல் ஆகிவிடுகிறது.

தீவுகளை அழித்தது யார்? பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலில் மூழ்கியதற்கு, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததே முக்கியக் காரணம். குருசடையில் பவளத்தை மூடிப் படர்ந்தது, வணிக வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி. 2016-இல் பவளங்கள் வெளிறியது கடல் சூடேறியதால். இவை எதிலும் இந்தப் பெண்களின் கை இல்லை.

கூட்டமாக இறங்கினால் பவளம் மிதிபடாதா, பாசி அற்றுப்போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இந்தப் பெண்களே பதில் கண்டிருக்கிறார்கள். இரும்புச் சுரண்டியைக் கைவிட்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பாசி மீண்டும் தழைத்தால்தான் அடுத்த மாதம் அடுப்பெரியும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். மீன் உள்ளிட்ட நீர்நிலை விளைபொருள்கள் மீதான சமூக உரிமையையும் அது பேசுகிறது. அதன்படி இவர்கள் பாசி எடுக்கும் உரிமையை அரசு பரிசீலிக்க வேண்டும். பாசி எடுப்போர் அனைவருக்கும் அடையாள அட்டை வழங்கி, எந்தப் பகுதியில் எந்த நாளில் எடுக்கலாம் என்பதை அவர்களோடு அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். பூங்கா நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் தர வேண்டும். வனத்துறையின் கண்டிப்பு இழுவைமடிகள் மீதும், கடலில் கலக்கும் சாக்கடை, பிளாஸ்டிக் மீதும் திரும்பட்டும். கடலை அறிந்தவர்களைக் குற்றவாளிகளாக்கிவிட்டு எந்தத் தீவையும் காப்பாற்ற முடியாது.