டீக்கடைக்குக் கண்ணாடி கிளாஸே போதும்

சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் சீவலப்பேரியிலிருந்து ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூர். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் மண்ணாகிவிடவில்லை. பேப்பர் கப்புக்குப் பதிலாக, ஒருமுறை குடித்துவிட்டு எறியும் மண் குவளையைப் பரிந்துரைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சூளையில் ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டினால் களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடும். பிறகு எவ்வளவு ஊறப்போட்டாலும் அது குழையாது. விறகும் குளத்து மண்ணும் கொடுத்து ஐந்து நிமிட டீக்காக ஓடு செய்வது என்ன சிக்கனம்?

மண்ணின் நுண்துளைகள் பானைக்குத்தான் வரம். கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கிறது. காருகுறிச்சிப் பானைக்கு மவுசு குறையாததில் வியப்பில்லை. டீக்கு வேண்டியது துளையில்லாத, வாடை பிடிக்காத கண்ணாடி. கழுவத் தண்ணீர் செலவாகும், சுத்தமிருக்காது என்பார்கள். ஒரே வாளியில் நாள் முழுக்க முக்கியெடுத்தால் அந்தப் புகார் நியாயமே. ஊற்றுமுன் மாஸ்டர் வெந்நீரில் ஒரு சுழற்று சுழற்றினால் கிளாஸும் சூடேறும், விரிசலும் குறையும். உடைந்ததையோ உருக்கி மறுபடி வார்க்கலாம். உடைந்த ஓட்டை அப்படிச் செய்ய வழியில்லை.