மருந்து எழுதாத சீட்டு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தென்சென்னையில் கிளினிக் வாசல்களில் செருப்புகள் பெருகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் அப்படியொரு வாசலில், தங்கை மகனை மடியில் வைத்துக்கொண்டு 17-ஆம் டோக்கனுடன் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை வயதுப் பிள்ளை. இரண்டு நாளாகச் சளி, இருமல், காய்ச்சல். உள்ளே போனதும் டாக்டர் சட்டையை மார்புக்கு மேல் தூக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினார். 32. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால்தான் நிமோனியாவோ என்று யோசிக்க வேண்டும் என்றார். எடை போட்டுப் பார்த்து, பாராசிட்டமால் எத்தனை மில்லி என்று எழுதினார். இருமலுக்கு ஒன்றும் எழுதவில்லை.

“இருமலுக்கு, டாக்டர்?”

“வேண்டாம்மா. சளியை வெளியே தள்ளுறதே அந்த இருமல்தான். மூச்சு வாங்கினா, சாப்பிடாம குடிக்காம துவண்டு படுத்தா, ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இல்லேன்னா நாளன்னிக்குக் கொண்டுவந்து காட்டுங்க. அதுக்கு ஃபீஸ் வேண்டாம்.”

வெளியே வந்ததும் தங்கைக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு நேரம் காத்திருந்து, பணமும் கொடுத்து, ஒரு சிரப் கூட எழுதவில்லையே என்றாள்.

2025 அக்டோபரில் அவளே என்னை அழைத்து அந்த டாக்டரைப் பற்றிப் பேசினாள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சாதாரண சளி, இருமலுக்கு ‘கோல்ட்ரிஃப்’ சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து, ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தச் சிரப் தயாரானது நமக்குப் பக்கத்தில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. இது முதல் முறையும் அல்ல. 1972-இல் இதே நச்சு கலந்த மருந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 15 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் சென்னை.

தயாரித்தவர்களும் கண்காணிக்கத் தவறியவர்களும் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த மருந்து அந்தப் பிள்ளைகளின் வாய்க்குப் போயிருக்கவே வேண்டுமா? மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் அதே மாதம் அனுப்பிய அறிவுறுத்தல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்றது. மயிலாப்பூர் டாக்டர் செய்தது அதைத்தான்.

அப்படியானால் மற்ற டாக்டர்கள் ஏன் எழுதுகிறார்கள்? சிரப் எழுத அரை நிமிடம் போதும். ஏன் வேண்டாம் என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆகும். வாசலில் இன்னும் நாற்பது டோக்கன். ஊசி போடாத டாக்டரை விட்டு அடுத்த தெருவுக்குப் போகும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தி. நகரிலும் அடையாறிலும் வாடகை வீடு மாறும்போது டாக்டரும் மாறிவிடுகிறார். செல்போனில் தேடிப் பிடித்த டாக்டர் பிள்ளையை ஒருமுறை பார்க்கிறார், பிறகு பார்ப்பதே இல்லை. நாளைக்கு இந்தப் பிள்ளை தன்னிடம் வராது என்று தெரிந்தவருக்குக் ‘காத்திருந்து பார்ப்போம்’ என்று சொல்லத் துணிவு வராது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து எழுதிவிடுவார். காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான். மறுபடியும் பார்க்கப்போகிற டாக்டரால்தான் அதைச் செய்ய முடியும்.

மழைக்கால டெங்குவில் இப்படி மறுபடியும் பார்ப்பது உயிர்ப் பிரச்சினை. காய்ச்சல் விட்டதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஆபத்து தொடங்குவதே பல சமயம் அப்போதுதான். டாக்டரிடம் முதலில் காட்டியதிலிருந்து மூன்றாம் நாள் தங்கை மகனுக்குக் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்குத்தான் டாக்டர் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். வயிறு வலிக்கிறதா, வாந்தி உண்டா, காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் போனான் என்று கேட்டார். நல்லவேளை, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். முதல் நாள் வேறு ஒருவரிடமும் மூன்றாம் நாள் இன்னொருவரிடமும் போயிருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பார்களா?

ஒரு குடும்பத்தை ஒரே இடத்தில் தொடர்ந்து கவனிக்கும் யோசனை சென்னைக்குப் புதிதல்ல. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் தொடங்கி, அடையாறில் வளர்த்த வி.எச்.எஸ். மருத்துவமனை, குடும்பத்தையே உறுப்பினராகச் சேர்த்து, வருமானத்துக்கேற்ற சந்தா வாங்கி, நோய் வரும் முன்பே கவனிக்கும் திட்டத்தை நடத்திக் காட்டியது. இன்று மாநகராட்சிக்கு 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. 2023-இல் நகர்ப்புற நலவாழ்வு மையங்களும் திறக்கப்பட்டன. அவை மாலையிலும் இயங்குவது வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பெரிய உதவி. கட்டடம் வந்துவிட்டது, மருத்துவர் நிலைக்க வேண்டும். ஒரு மையத்தில் ஒரே மருத்துவர் மூன்று நான்கு ஆண்டுகளாவது இருக்க வேண்டும். குழந்தைக்கு ஓர் அட்டை வேண்டும்: எடை, காய்ச்சல் தொடங்கிய தேதி, உடனே ஓடிவர வேண்டிய அறிகுறிகள், மறுபடி காட்ட வேண்டிய நாள். அந்த நாளில் பிள்ளை வரவில்லை என்றால் மையத்திலிருந்து ஒரு போன் போக வேண்டும்.